எடைக்காரம்மா போட்ட சைபர்

எந்தக் கூட்டத்திலும் வந்தவர்களை எண்ணுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். எடைக்காரம்மா வராதவர்களை எண்ணுவார். அதற்கு முதலில் கையில் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும் என்பார். பட்டியல் இல்லாமல் விரலை நீட்டித் தலையை எண்ணுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு வாயோரத்தில் ஒரு சிரிப்பு வரும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே பிடிக்காது.

ஒருமுறை ஆபீஸ் ஆட்கள் எல்லோருமாக வேன் பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பார்க்கப் போயிருந்தோம். திரும்பும்போது மேனேஜர் வேன் படியில் நின்று தலைகளை எண்ணினார். வரும்போது இருபத்திரண்டு, இப்போதும் இருபத்திரண்டு. வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"சமையக்கார அண்ணாச்சி எங்க?" என்று பின்னாலிருந்து எடைக்காரம்மா கேட்டார்.

"எண்ணிட்டேம்மா. சரியா இருக்கு" என்றார் மேனேஜர்.

"எண்ணிக்கை சரியாத்தான் சார் இருக்கு. ஆளுதான் சரியில்ல."

பார்த்தால் டிரைவரின் மச்சினன் ஒருவர், ஓட்டப்பிடாரத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று நைசாக ஏறி உட்கார்ந்திருக்கிறார். சமையல்காரர் கோட்டைக்கு வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து நல்ல தூக்கத்தில் இருந்தார். அவரை எழுப்பிக் கூட்டிவந்தபோது எல்லோரும் சிரித்தோம். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

எடைக்காரம்மாவின் சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று கேட்க இப்போது ஆள் இல்லை, கேட்காமல் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. சுற்றுப்பட்டு ஊர்களில் அவரை எடைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தர்ம ஸ்தாபனம் எங்கள் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடை பார்த்து, சத்துமாவும் வைட்டமின் சொட்டும் கொடுத்துவந்தது. கோவில்பட்டியில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியின் மாடியில் அவர்கள் ஆபீஸ். எடைக்காரம்மாவுக்கு அங்கே இரண்டு வேலை. ஊரூராகப் போய் மரக்கிளையில் தொங்கு தராசைக் கட்டிப் பிள்ளைகளை எடை போடுவது ஒன்று. அதை எல்லாம் நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொகுத்துக் கொடுப்பது இன்னொன்று. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. கேட்டிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருப்பார்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்து சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மொத்த வியாபாரக் கடை. அங்கே உட்காரப் பிடிக்காமல்தான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். அந்தச் சமயத்தில் கோவில்பட்டியில் டேட்டாபேஸ் என்ற வார்த்தையைச் சொல்லத் தெரிந்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு என்னை என்ன பாடுபடுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டது எடைக்காரம்மாவின் நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தரச் சொல்லி. வீட்டு நோட்டு, பிள்ளை நோட்டு, எடை நோட்டு, சொட்டு நோட்டு என்று நான்கு வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். பிள்ளை நோட்டில் அந்த வீட்டு நம்பரும் பிள்ளைக்கென்று ஒரு நம்பரும். எடை நோட்டிலும் சொட்டு நோட்டிலும் பிள்ளை நம்பரை மட்டும் போட்டிருப்பார். ஒரு பெயரைப் பத்து இடத்தில் எழுதுகிற சோலியே இல்லை. நான் படித்த பாடப் புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லியிருந்ததை இந்த அம்மா யாரும் சொல்லிக்கொடுக்காமல் மலிவு விலை நோட்டில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பாராட்டியிருக்க வேண்டும். மனசுக்குள் பாராட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதத் தொகுப்புக்கென்று பெரிய கோடு போட்ட தாள் வைத்திருந்தார். அதில் முதலில் பிள்ளை நோட்டிலுள்ள அத்தனை பெயரையும் எழுதிவிடுவார். அப்புறம் எடை நோட்டைப் புரட்டி, ஒவ்வொரு எடைக்கும் அந்தந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழிப்பார். எல்லாம் முடிந்தபின் கோடே விழாத பெயர்களுக்கு நேரே நிதானமாக, வட்டமாக, ஒரு சைபர் போடுவார். சைபர் போட்ட வரியில் மட்டும் கடைசியில் இன்னொரு கட்டம் உண்டு. அதன் தலைப்பு 'ஏன்'.

'ஆத்தா தீப்பெட்டி ஆபீஸ் போயிருதா.' 'தாத்தா செத்த வீடு.' 'கண்ணுக்குப் பயந்து கொண்டாரல.' இப்படி இருக்கும் அந்தக் கட்டத்தில்.

கண்ணுக்குப் பயப்படுவது எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையைத் தராசில் உட்காரவைத்து, ஊரே கேட்க இத்தனை கிலோ என்று சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள்? எடைக்காரம்மா எடையை வாயால் சொல்ல மாட்டார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற மாதிரி, தாயின் கையைத் தன் முந்தானைக்குள் இழுத்து விரலை அமுக்கிச் சொல்வார். சிலர் அதற்காகவே வந்தார்கள். பிள்ளை மெலிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வார். அதையும் ஊர் கேட்க வேண்டாம் அல்லவா.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்திருந்தார். மண்டபம் நிறைய ஆள். எங்கள் அம்மா பூரித்துப்போய் நின்றாள். எடைக்காரம்மா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அம்மாவிடம் வந்து, "பத்திரிகை வச்சு வராதவிய யாராரு?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அவள் அண்ணனுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த நேரம். "நல்ல நாளும் அதுவுமா ஏன் இந்தப் பேச்சு?" என்று கடுகடுத்தாள். "இல்ல பெரியம்மா, ஏன்னு போயிக் கேட்டா மறுநாளு அவியளும் வருவாவ" என்றார். அம்மா போய்க் கேட்கவில்லை. மாமா கடைசிவரை எங்கள் வீட்டுப் படி ஏறவும் இல்லை.

நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இரண்டரை மாதம் ஆனது. அவர் வாசிப்பார், சென்டரிலிருந்து நான் கூட்டிவந்த டைப்பிஸ்ட் அடிப்பாள், நான் மேற்பார்வை பார்ப்பேன். மேற்பார்வை என்றால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஒருநாள் சலித்துப்போய், "ஏம்மா, இந்த ஏன் கட்டத்துல பாதி காலியா கெடக்கே. எல்லாத்துக்கும் 'ஊரில் இல்லை'ன்னு அடிச்சிரலாமா?" என்று கேட்டேன்.

"நீங்க போயிக் கேட்டீங்களா அண்ணாச்சி?"

"நான் எங்க போயிக் கேக்க?"

"நானும் இன்னும் கேக்கல. அப்பம் அது காலியாவே கெடக்கட்டும். கேக்காம எழுதக்கூடாது."

நான் வேறொன்று செய்தேன். அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டேன். எண்ணவும் கூட்டவும் முடியாத சமாச்சாரத்துக்கு டேட்டாபேஸில் எதற்கு இடம் என்று தோன்றியது. அவரிடம், "அத நீங்க நோட்டுலயே வச்சுக்கோங்க" என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

முதல் ரிப்போர்ட்டை மேனேஜர் முன்னால் வைத்து பிரிண்ட் எடுத்தேன். எடைக்காரம்மா பதினோரு நாள் உட்கார்ந்து போடுகிற தொகுப்பு ஒரு நிமிஷத்தில் பிரிண்டரிலிருந்து கறகறவென்று இறங்கியது. எடைக்காரம்மா அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு ஆறு எடைன்னு போட்டிருக்கு. நான் மூணுதான் போட்டேன்."

"டைப்பிங்ல எங்கயாச்சும் விட்டிருக்கும்."

"இதுக்கு நாலுக்கு எட்டுன்னு இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல அண்ணாச்சி, பக்கம் பூரா அப்பிடித்தான் நிக்கி. எங்க ஊருப் பிள்ளேளு இம்புட்டு தடவ தராசுல ஏறியிருந்தா கிளை ஒடிஞ்சிருக்கும்."

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிழை என்னுடையதுதான். எடையையும் சொட்டையும் ஒரே இழுப்பில் பிள்ளையோடு சேர்த்திருந்தேன். மூன்று எடையும் இரண்டு சொட்டும் உள்ள பிள்ளைக்கு, ஒவ்வொரு எடையும் ஒவ்வொரு சொட்டோடும் ஜோடி சேர்ந்து ஆறு வரியாகப் பெருகிவிட்டது. அதை எண்ணி ஆறு எடை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அவருக்கு இதை விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்பம் சொட்டே குடிக்காத பிள்ளை எதுகூட ஜோடி சேரும்?" என்று கேட்டார்.

"அத அப்பறம் பாப்போம்" என்றேன்.

எடையைத் தனியாகவும் சொட்டைத் தனியாகவும் எண்ணி, பிறகு சேர்க்கிற மாதிரி அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன். ஆறு மூன்றானது, எட்டு நாலானது. அந்த அப்புறம் மட்டும் வரவில்லை. அந்தக் கேள்வியை அன்றே உட்கார்ந்து யோசித்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

ஒரு ஆணின் முன்னால், அதுவும் மேனேஜர் முன்னால், ஒரு பெண் பிழை கண்டுபிடித்தது எனக்குப் பொறுக்கவில்லை. பதிலுக்கு அவர் நோட்டில் பிழை தேடினேன். கிடைத்தது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். அங்கே பிறந்த பிள்ளையை அந்த ஊரில் ஒரு பெயரில் எழுதியிருப்பார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளை தகப்பன் ஊருக்குப் போகும். அங்கே குலசாமி பெயரைச் சூட்டியிருப்பார்கள். அங்கேயும் ஒரு நம்பர் விழுந்துவிடும். இப்படி ஒரே பிள்ளையை இரண்டு பிள்ளையாக எழுதியது மூன்று இடத்தில் இருந்தது. மேனேஜர் அறையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். எடைக்காரம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா. என் தப்புதான்" என்று அங்கேயே மூன்று நம்பரை அடித்துத் திருத்தினார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் மேனேஜர் மனதில் ஒன்று பதிந்துவிட்டது: நோட்டில் தப்பு இருக்கும், கம்ப்யூட்டரில் இருக்காது.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. மழை பெய்தால் கரிசல் காட்டில் ஒரு அடி வைக்க முடியாது. செருப்போடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வரும். எடைக்காரம்மா செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நடப்பார். மழை விட்டதும் வந்த தொகுப்பை நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஊர்வாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை எடை, எத்தனை சொட்டு என்று அழகாகக் கட்டம் கட்டிய தாள். இனிமேல் மாவு வேனும் சொட்டும் இந்தத் தாளைப் பார்த்துத்தான் போகும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். எனக்கு டீயும் வடையும் வந்தது.

மறுநாள் காலையில் எடைக்காரம்மா என் சென்டருக்கே வந்துவிட்டார். வெயிலில் நடந்துவந்த முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, எங்கிட்ட அறுநூத்தி முப்பத்தெட்டுப் பிள்ளேளு. உங்க தாளுல ஐநூத்தித் தொண்ணூத்தேழுதான் இருக்கு. நாப்பத்தோரு பிள்ளை எங்க?"

"எல்லாம் ரெட்டைப் பதிவா இருக்கும். முன்னால மூணு வந்துச்சில்லா, அது மாதிரி."

"ஓடைக்கரைல பத்தொம்பது பிள்ளை. ஊரே இல்ல உங்க தாளுல. ஒரு ஊரு பூராவுமா ரெட்டையா இருக்கும்?"

ஓடைக்கரை என்பது எட்டயபுரத்துக்குத் தெற்கே, ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் பதினாலு வீடு. பெண்கள் எல்லோரும் விடியுமுன்னே வருகிற கம்பெனி வேனில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவார்கள். எடை போடுவது ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பெரிய ஊரில், காலை பத்து மணிக்கு. வழக்கமாக வீட்டிலிருக்கிற யாராவது பிள்ளைகளைத் தூக்கி வருவார்கள். அந்த மூன்று மாதமும் ஓடையில் தண்ணீர். அங்கிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. எடை நோட்டில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சென்டரில் கம்ப்யூட்டர் கற்க வந்திருந்த ஏழெட்டுப் பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான்.

"ஏம்மா, கம்ப்யூட்டர் ஆளு பாத்தா விடும்? இருந்தா காட்டும், இல்லாட்டி காட்டாது" என்றேன்.

"இருக்காவளே அண்ணாச்சி."

"நோட்டுல இருப்பாவ."

அந்த வாயோரச் சிரிப்பு அன்றைக்கு வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

பிள்ளை நோட்டைக் கம்ப்யூட்டர் கணக்கோடு ஒத்துப்போகிறபடி திருத்தி, நாற்பத்தோரு பெயரையும் அடிக்கச் சொன்னார் மேனேஜர். எடைக்காரம்மா மாட்டேன் என்றார். "மூணு அடிச்சேன் சார், அது தப்பு. இது அடிச்சா பாவம்" என்று சொன்னாராம். ஊர் சுற்றும் வேலையிலிருந்து எடுத்து, கீழே மாவு பாக்கெட் போடுகிற அறையில் அவரை உட்காரவைத்தார்கள். அவருக்குப் பதில் வேறொரு பெண் எடை போடப் போனாள். அவளுக்கு என் தாள்தான் வழிகாட்டி. தாளில் ஓடைக்கரை இல்லை, ஆகையால் அவள் ஓடையைத் தாண்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடைக்காரம்மா, தனக்குக் கிடைக்கிற சம்பளத்தில் கடலையும் கேப்பையும் வாங்கி வறுத்து அரைத்து, பஸ் ஏறி ஓடைக்கரைக்குக் கொண்டுபோனார் என்று சமையல்காரர்தான் எனக்குச் சொன்னார். கேட்டுவிட்டு நான், "பிடிச்ச பிடிய விடமாட்டாவளோ" என்றேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தையில் அந்தப் பக்கம் தட்டம்மை வந்தது. அம்மை வந்த வீட்டில் வேப்பிலை கட்டி, பிள்ளையை உள்ளேயே வைத்திருப்பார்கள். ஓடைக்கரையில் மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்கு அம்மை இறங்கியபின் கண் திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாவோடு போன எடைக்காரம்மா, பிள்ளையின் தாயையும் கூட்டிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார். ஒரு கண் தப்பியது. இன்னொன்றில் கருவிழி வெந்து வெள்ளை பாய்ந்துவிட்டது.

நான்கு நாள் கழித்து, மத்தியானம், ஆபீஸில் நான் பிரிண்டருக்கு ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். சேலை கசங்கியிருந்தது, மதுரையில் கட்டியிருந்ததாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளையின் விஷயத்தைச் சொன்னார். குரல் உயரவில்லை.

"வைட்டமின் சொட்டு குடுத்தீங்களான்னு டாக்டர் கேட்டாவ. குடுத்திருந்தா ஒருவேளை தப்பியிருக்குமாம். மாவு என்னால கொண்டுபோக முடிஞ்சிது அண்ணாச்சி. சொட்டு பீரோவுக்குள்ளல்லா இருக்கு. உங்க தாளுல இருந்தாத்தான சாவி தருவாவ."

கீழே போய் மாவு அறையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகளையும் எடைகளையும் நான் சேர்த்திருந்த விதத்தில், இரண்டு பக்கமும் ஜோடி இருக்கிற பெயர் மட்டும்தான் வரும். எடையே இல்லாத பிள்ளைக்கு ஜோடி இல்லை, ஆகவே பிள்ளையே இல்லை. ஒரு பிள்ளைக்கும் எடை இல்லாத ஊருக்கு ஊரே இல்லை. அவர் அன்றைக்குக் கேட்ட கேள்வியின் பதில் இதுதான். ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன், ஜோடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைப் பெயர் அத்தனையும் முதலில் வரட்டும் என்று. நாற்பத்தோரு பேரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நேரே சைபர். ஓடைக்கரை பத்தொன்பதும் வரிசையாக இருந்தது. அதில் எந்தப் பெயர் அந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

மேனேஜரிடம் போய், "ஒரு சின்ன கரெக்ஷன் சார். புதுசா லிஸ்ட் போட்டுட்டேன்" என்றேன். அவரும் சரி என்றார். எடைக்காரம்மாவை மறுபடி ஊர் வேலைக்கு அனுப்பினார்கள். என்னால் வந்த பிழை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கரெக்ஷன் என்று நான் சொன்னபோது அவர் கதவருகே மாவு நோட்டோடு நின்றிருந்தார். கேட்டிருப்பார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே நாறியிருப்பேன். அவர் மாவு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஆபீசுக்குப் போய்வந்தேன். தினம் எதிரே பார்ப்போம். "என்ன அண்ணாச்சி, சாப்டாச்சா?" என்பார். "ஆச்சும்மா" என்பேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த ரிப்போர்ட் கொடுக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு சென்டரை மூடிவிட்டு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அங்கே எனக்கு நல்ல பெயர். யார் ரிப்போர்ட் கொண்டுவந்தாலும், "ஒண்ணுமே இல்லாதவங்க இதுல வந்திருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் அனுபவம் என்று சொல்லிவிடுவேன்.

அஞ்சாறு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் ஆபீஸ் நேரத்தில் சமையல்காரர் போன் செய்தார். எடைக்காரம்மாவுக்கு வயிற்றில் கட்டி, எப்போதும்வென்றான் ஊரில் தம்பி வீட்டில் படுத்திருக்கிறார், ஊர்ப் பக்கம் வந்தால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கோவில்பட்டியிலிருந்து அங்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இருக்காது. மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். போனால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டுமே என்று பயம். மாசியில் மறுபடி போன் வந்தது. "ரொம்ப முடியல போலுக்கு" என்றார். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

மூன்றாவது போன் காரியம் முடிந்தபின் வந்தது.

அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். நல்ல வெயில். அறுவடை முடிந்த காடு வெடித்துக் கிடந்தது. தம்பி வெளியே போயிருந்தார். தம்பி மனைவி நாற்காலி எடுத்துப்போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் யார் என்று சொன்னதும், "கம்ப்யூட்டர் அண்ணாச்சியா? மதினி சொல்லுவாவ" என்றார். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார்.

"படுத்த படுக்கையிலயும் இத விடல அவிய. பாக்க வந்தவியளுக்கு ஒரு ஒரு கோடு போடுவாவ. நோட்டு நெறஞ்சில்லா இருக்கு, பாருங்க."

அதே கோடு போட்ட நோட்டு. முதலில் பெயர்கள். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். அதன் கீழே ஊர் ஊராகத் தெரிந்தவர்கள். சமையல்காரருக்கு ஏழு கோடு. ஓடைக்கரையில் அந்தப் பெண் பிள்ளையின் தாய்க்குத்தான் ஆகக் கூடுதல், வாராவாரம் வந்திருக்கிறாள். மேனேஜருக்கு ஒன்று. எங்கள் டைப்பிஸ்டுக்கு இரண்டு. ஆறேழு பேருக்கு சைபர். சைபர் போட்ட வரிகளுக்குக் கடைசியில் அந்தக் கட்டமும் இருந்தது. 'மகளுக்குப் பிரசவம், ஆள் விட்டுக் கேட்டது.' 'காலில் எலும்பு முறிவு, போனில் கேட்டது.' படுத்துக்கொண்டே ஒவ்வொருவரையும் விசாரித்துத்தான் எழுதியிருக்கிறார்.

என் பெயர் ஆபீஸ் வரிசையில் நாலாவதாக இருந்தது. நேரே ஒரு சைபர், வட்டமாக, கொஞ்சம் கை நடுக்கத்தோடு.

"உங்களுக்குப் போன் போட்டுக் கேக்கவா மதினின்னு கேட்டேன். வேண்டாம், வேலைல இருப்பாவ, நானே எழுதிக்கிடுதேன்னுட்டாவ" என்றார் தம்பி மனைவி.

கட்டத்தில் எழுதியிருந்தது: 'மெட்ராஸில் வேலை. தெரிந்திருக்காது.'

அவர் கேட்காமல் எழுதியது அந்த ஒரு வரிதான். எனக்கு இரண்டு தடவை போன் வந்தது.